வெள்ளம் வந்நு: வைப்பின் தீவில் ஆடி முதல் வாரம்

ஜூலை 17, 2025, வியாழன்

விடிவதற்கு முன்பே அம்மாவின் போன். ஆடி பிறந்துவிட்டது, தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் போ என்று சொல்லத்தான். எட்டயபுரம் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வாரமாகவே காற்றாம். கரிசல் புழுதி எழும்பி, கொடியில் போட்ட துணியை மறுபடியும் துவைக்க வேண்டியிருக்கிறதாம். "அங்க எப்படி?" என்றாள். போனை ஜன்னல் பக்கம் நீட்டினேன். ஓட்டுக் கூரையில் மழை இறங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கேக்கவே குளுந்தாப்ல இருக்கு" என்றாள்.

நான் கொச்சிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கடல் உணவு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கும் வேலை. கொச்சி எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த ஆடி முதல் வாரம் தினமும் எழுதிப் போடுகிறேன்.

அலுவலகம் எர்ணாகுளத்தில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கம். நகருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. கூட வேலை பார்க்கும் ஒரு சேச்சி சொல்லித்தான் வைப்பினுக்கு வந்தேன். ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கு தெற்காகக் கிடக்கும் ஒல்லியான தீவு இது. மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். தென்கோடியில், முருக்கும்பாடம் பக்கம் ஒரு வீட்டின் மாடி அறை எனக்கு. கீழே வீட்டுக்காரச் சேச்சி, அவருடைய கணவர், எண்பது வயதைத் தாண்டிய அம்மூம்மா, அதாவது பாட்டி. அம்மூம்மா என்னை முதல் நாளிலிருந்தே "மோளே", மகளே, என்றுதான் கூப்பிடுகிறார்.

வந்த முதல் இரவு நடந்ததை மறக்க முடியாது. பிப்ரவரி மாதம், மழையே இல்லை. நள்ளிரவு தாண்டி யாரோ தெருவில் சத்தமாகக் கூப்பிட்டார்கள்: "வெள்ளம் வந்நு! வெள்ளம் வந்நு!" வீடு வீடாக விளக்கு எரிந்தது, பெண்கள் ஓடும் சத்தம் கேட்டது. நான் சான்றிதழ் வைத்திருந்த பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றேன். 2018 பெருவெள்ளத்தின் படங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. சேச்சி கையில் இரண்டு குடத்தோடு கீழே நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. குடங்களைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறி வந்து, என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் குழாயைக் காட்டினார். வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். குழாயில் குடிதண்ணீர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த தீவில் குடிக்கிற தண்ணீருக்கு நள்ளிரவில் எழுந்து குடம் வரிசை வைக்கிறார்கள். எங்கள் ஊரில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீருக்கு இதே மாதிரி குடத்தோடு நின்றுதான் வளர்ந்தேன். குடத்தின் நிறம்கூட அதே பச்சை. அன்று ராத்திரி சேச்சியோடு நின்று நானும் இரண்டு குடம் பிடித்தேன். பயம் போய்விட்டது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது உம்மறத்தில், அதாவது வீட்டு முன் திண்ணையில், விளக்கு ஏற்றியிருந்தது. இன்று இங்கே கர்க்கடகம் ஒன்று. நம் ஆடிதான், பெயர் வேறு. இந்த மாதம் முழுக்க விளக்கின் முன்னால் உட்கார்ந்து இராமாயணம் வாசிப்பார்கள். அம்மூம்மா கண்ணாடி இல்லாமலே வாசித்தார். பாதி மனப்பாடம் என்று நினைக்கிறேன். வெளியே மழை. எனக்கு முழுதாகப் புரியவில்லை என்றாலும் "கானனம்", "சீத" என்று தெரிந்த சொற்கள் வரும்போதெல்லாம் மனசு போய் ஒட்டிக்கொண்டது.

ஜூலை 18, வெள்ளி

நான் வேலைக்குப் போவது படகில். இதைச் சொன்னாலே ஊரில் எல்லோருக்கும் ஆச்சரியம்.

வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. வைப்பினுக்கும் உயர் நீதிமன்றப் படகுத்துறைக்கும் இடையில்தான் முதல் படகு ஓடியது. பேட்டரியில் ஓடும் படகு. இந்தக் கொச்சியிலேயே, கப்பல் கட்டும் தளத்தில் செய்தது. நூறு பேர் ஏறலாம், அதற்கு மேல் ஒருவரைக்கூட விடமாட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது படகைவிட அந்தத் துறைதான். படகில் ஏறும் மேடை தண்ணீரில் மிதக்கிறது. கடல் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதனால் மேடையும் படகின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருகிற ஒரு ஐயா தினமும் யார் கையையும் பிடிக்காமல் தானே உருட்டிக்கொண்டு ஏறுகிறார். அவரைப் பார்க்கும் நாளெல்லாம் எனக்கு நல்ல நாள்.

இருபது நிமிடப் பயணம். வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சதப் பளுதூக்கிகள், அப்புறம் 1744-இல் டச்சுக்காரர்கள் கட்டிய போல்காட்டி அரண்மனை, அப்புறம் எர்ணாகுளத்தின் உயரக் கட்டடங்கள். மழை நாளில் எதுவும் தெரியாது. கண்ணாடியில் தண்ணீர் வழியும். பச்சைப் பச்சையாய் ஆகாயத்தாமரைத் திட்டுகள் மட்டும் ஆற்று நீரோடு கடலைப் பார்த்து மிதந்து போகும்.

2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வரும் வரைக்கும் எர்ணாகுளம் போக இந்தத் தீவுக்காரர்களுக்குப் படகை விட்டால் வேறு நேர்வழி கிடையாது. பிரசவ வலி வந்தாலும் படகுதான். சேச்சியின் கணவர் பிறந்ததே அப்படி மருத்துவமனைக்குப் போகும் வழியில் என்று அம்மூம்மா சொன்னார்.

'வைப்பின்' என்ற பெயரைப் பற்றி இன்று மதியம் அலுவலகத்தில் பேச்சு வந்தது. 1341-இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, முசிறித் துறைமுகம் இருந்த கொடுங்கல்லூர்ப் பக்கம் மண் மூடியது. கொச்சியில் கடல்வாய் அகன்று திறந்தது. வெள்ளம் கொண்டுவந்து வைத்த மண்தான் இந்தத் தீவு, அதனால் வைப்பு, வைப்பின் என்கிறார்கள். தீவு தோன்றிய ஆண்டை முதலாகக் கொண்டு 'புதுவைப்பு' என்று ஓர் ஆண்டுக் கணக்குகூட இங்கே இருந்திருக்கிறது. புதுவைப்பு என்ற ஊரும் இருக்கிறது. எனக்குச் சொன்னவர் எங்கள் அலுவலகத்தின் மூத்த கணக்கர். "உங்க தமிழ்லயும் வைப்புன்னாதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய முசிறியைப் பள்ளிக்கூடத்தில் சங்கப் பாட்டாகப் படித்தேன். அந்த முசிறி மூடியபோது உண்டான மண்ணில் இப்போது வாடகைக்கு இருக்கிறேன் என்பது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தெரியவந்தது. சாயங்காலம் வரைக்கும் அதே நினைப்புதான்.

ஜூலை 19, சனி

அலுவலகம் இல்லை. சேச்சியின் பிறந்த வீடு நாயரம்பலத்தில். "பொக்காளி நடுவதைப் பார்க்கணும்னா வா" என்று கூட்டிப் போனார்.

பொக்காளி என்பது உவர் நிலத்தில் விளையும் நெல். காயலோரத் தாழ்நிலங்களில் வருடத்தில் பாதி நாள் கடல்நீர் ஏறி நிற்கும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்து உப்பைக் கழுவிய பிறகு அந்த நிலத்தில் நெல் போடுகிறார்கள். உப்பைத் தாங்கும், வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும், ஆள் உயரத்துக்கு வளரும். 'பொக்கம்' என்றால் உயரம்.

எங்கள் ஊரில் நஞ்சை கிடையாது. மானாவாரிதான். கம்பும் உளுந்தும் பருத்தியும் பார்த்து வளர்ந்தவள் நான். நாற்று நடுவதையே முதல்முறையாக இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதுவும் இப்படி ஒரு நடவை.

வயலில் முட்டளவுக்கு மேல் தண்ணீர். அதில் அங்கங்கே மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்திருந்தார்கள். சின்னச் சின்னக் கோபுரங்கள் மாதிரி. போன மாதம் முளைகட்டிய விதையை அந்தக் குவியல்களின் தலையில் தூவியிருக்கிறார்கள். உச்சியில் இருந்தால் மழை உப்பை இறக்கிவிடும், முளைக்கு உப்புப் படாது. இப்போது ஒவ்வொரு குவியலின் உச்சியிலும் முழங்கை உயரத்துக்கு நாற்று. ஆறேழு பெண்கள் தலையில் பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்கள். ஒருவர் மண்வெட்டியால் குவியலைத் துண்டு துண்டாக வெட்டினார். ஒரு துண்டில் நான்கைந்து நாற்று, அடியில் ஒரு கை மண். மற்றவர்கள் அந்தத் துண்டை மண்ணோடு இரண்டு கையிலும் ஏந்திச் சுற்றிலும் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார்கள். வேரை உதறவில்லை, கழுவவில்லை. வேரைப் பிடித்திருந்த மண் அப்படியே கூடப் போனது.

ஒரு அம்மா எனக்கும் ஒன்று கொடுத்தார். சேற்றின் கனம் நான் நினைத்ததைவிட அதிகம். கறுத்த மண், எங்கள் கரிசல் மாதிரியே, ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கடல் வாசனை. "சாய்க்காமல் வை, மோளே" என்றார். தண்ணீருக்குள் கையை விட்டுத் தரையைத் தடவி வைத்தேன். நாற்றின் நுனி மட்டும் வெளியே நின்றது. அந்த ஒரு நாற்றை எனக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று வரப்பிலிருந்து எண்ணி வைத்தேன். மேற்கே மூன்றாவது குவியல் இருந்த இடம், தூம்புக்கு நேர்.

தூம்பு! மதகுக்கு இங்கே இன்னும் அந்தச் சொல்தான். கேட்டதும் அவ்வளவு மகிழ்ச்சி. அக்டோபரில் கதிரை மட்டும் அறுத்துவிட்டுத் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். நவம்பரில் தூம்பைத் திறந்து கடல் ஏற்றத்தை உள்ளே விடுவார்கள். அதோடு இறால் குஞ்சுகள் வரும். அழுகிய தாள்தான் அவற்றுக்குத் தீனி. ராத்திரியில் தூம்பின் வாயில் விளக்கைக் கட்டி, வலை வைத்து, இறங்கும் நீரோடு வருகிற இறாலைப் பிடிப்பார்கள். இறால் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். வேறு உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. சித்திரை விஷு வரைக்கும்தான் இறால் குத்தகை. அது முடிந்ததும் 'கெட்டு கலக்கல்'. அன்று ஊரில் யார் வேண்டுமானாலும் வயலில் இறங்கி மிச்சம் இருக்கும் மீனைப் பிடித்துக்கொள்ளலாம். சின்ன வயதில் பாவாடையில் மீனை அள்ளிக்கொண்டு வந்ததைச் சேச்சி சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

'ஒரு நெல்லு, ஒரு மீன்' என்பதுதான் இங்கே முறை. ஆனால் இறாலில் காசு அதிகம், நெல்லுக்கு ஆள் கிடைப்பதில்லை. பக்கத்து வயல்கள் வெறும் தண்ணீராய்க் கிடந்தன. சேச்சியின் அண்ணன் இந்த இரண்டு ஏக்கரை மட்டும் விடாமல் போடுகிறார். "அப்பன் போட்டது" என்றார். வேறு காரணம் சொல்லவில்லை. திரும்பும்போது ஒரு கிலோ அரிசி கொடுத்தார். தடித்த செம்மண் நிற அரிசி. இரவு கஞ்சி வைத்தோம். வெறும் கஞ்சியிலேயே ருசி இருந்தது, உப்பு போட மறந்ததுகூடத் தெரியவில்லை.

அலுவலகத்தில் தினமும் பூவாலன், கரிக்காடி, நாரன், கார என்று இறால் வகைகளின் பெயரைத் தட்டச்சு செய்கிறேன். எத்தனை டன், எத்தனை பெட்டி, எந்தத் துறைமுகம். இனிமேல் நாரன் என்று அடிக்கும்போது அந்தத் தூம்பும் விளக்கும் ஞாபகம் வரும்.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் காளமுக்கு மீன்பிடித் துறைக்குப் போனேன். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் இழுவைமடித் தடை. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தூத்துக்குடியில் தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் நேரத்தில் இங்கே படகு ஏறும். படகில் வேலை செய்பவர்களில் குளச்சல், தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் உண்டு. இப்போது ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

வள்ளங்களுக்குத் தடை இல்லை. அதனால் சாளை வந்திருந்தது. மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் 640 கண்டெய்னர்களோடு ஒரு சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு பல வாரம் மக்கள் மீன் வாங்கவே தயங்கினார்கள். கரை நெடுகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. மீன் விற்கும் அக்காமார்களின் கூடை அப்படியே திரும்பிப் போனதை இந்தத் தெருவில் பார்த்தேன். தடைக்காலத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே வருமானம் அது. இன்று கூடை காலியாவதைப் பார்த்ததும் ஆறுதலாக இருந்தது.

சேச்சி சாளையைக் குடம்புளி போட்டு மண்சட்டியில் வைத்தார். நம் புளிக்குழம்பு மாதிரி இல்லை. குடம்புளியின் புளிப்பு முதலில் தெரியாது, விழுங்கிய பிறகு வரும். "இன்று சாப்பிடாதே, நாளைக்குச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் பாதியை மூடி வைத்தார்.

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் மூன்றரைக்கு அலுவலகத்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. கேரளத்தின் முன்னாள் முதல்வர், கம்யூனிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் காலமானார். வயது 101.

கணக்கர் எழுந்து வெளியே போய்விட்டார். படகுத்துறை டீக்கடையில் டீயை ஆற்றுகிற சத்தம் மட்டும்தான். தீவுக்குள் நடக்கும்போது கறுப்புத் துணி கட்டத் தொடங்கியிருந்தார்கள். சேச்சியின் கணவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். டிவி உள்ளே ஓடியது, அவர் பார்க்கவில்லை. "கயிறு ஆலையில வேலை பார்த்தவர். எங்க அப்பாவும் கயிறு திரிச்சவர்தான்" என்று மட்டும் சொன்னார்.

1964-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் குழுவிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய 32 பேரில் கடைசியாக உயிரோடிருந்தவர் வி.எஸ். 2023 வரை இருவர் இருந்தார்கள். இன்னொருவர் எங்கள் மாவட்டத்துக்காரர், என். சங்கரய்யா. 2023 நவம்பரில் அவர் போனபோது எங்கள் தாத்தா இதே மாதிரிதான் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதைச் சேச்சியின் கணவரிடம் சொன்னேன். "சங்கரய்யா" என்று பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று பொது விடுமுறை. அலுவலகமும் மூடல். மழை கொஞ்சம் விட்டிருந்தது. வைப்பின் துறையிலிருந்து ரோ-ரோ ஏறி ஃபோர்ட் கொச்சிக்குப் போனேன். லாரி, கார், பைக், ஆள் எல்லாம் ஒரே தட்டில் ஏறும். கடல்வாயைக் குறுக்காகக் கடந்து சில நிமிடத்தில் அக்கரை. டால்ஃபின் தெரியும் என்பார்கள். தினமும் பார்ப்பவர்களுக்கு அது சாதாரணம். எனக்கு இன்று ஒரு சாம்பல் முதுகு, ஒரே ஒரு நொடி.

சீன வலைகளில் இரண்டு மட்டும் இயங்கின. ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிறுகளில் கட்டிய கற்கள். நான்கு பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க, கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்கார, வலை மேலே வந்தது. மழைக்காலத்தில் ஆறு அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரை முழுக்க வலையில். அதை அள்ளிக் கொட்டினால் அடியில் ஒரு கை அளவு பொடிமீன். அவ்வளவு உழைப்புக்கு அது போதாது. சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கும் இடம் என்றுதான் முன்பு வந்தபோது நினைத்தேன். இன்று அந்த நால்வரின் உள்ளங்கைகளைப் பார்த்தேன்.

அங்கிருந்து 'வெளி' என்ற பகுதிக்கு நடந்தேன். தோபி கானா என்ற சலவைத்துறை அங்கே இருக்கிறது. நான் போய்ப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து நினைத்த இடம்.

உள்ளே நுழைந்ததும் தமிழ். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ யாரையோ, "ஏய், கஞ்சித்தண்ணி ஆறிப்போச்சு" என்றார்கள். ஐந்து மாதமாக வெளியே எங்கும் கேட்காத குரல். தொட்டிகளும் துவைகல்லும் தனித்தனித் தடுப்பாக வரிசையில் இருந்தன. துணி கல்லில் விழும் சத்தம், நீலம் கரைத்த வாளிகள். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் சீருடைகளைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கூட்டிவந்தார்கள் என்பது இவர்கள் சொல்லும் வரலாறு. டச்சுக்காரர்கள் கொச்சியில் இருந்தது 1663 முதல் 1795 வரை. அவர்கள் போனார்கள், பிரிட்டிஷார் வந்து போனார்கள். இவர்கள் இங்கேயே இருக்கிறார்கள், இன்னும் வீட்டில் தமிழ்தான்.

இஸ்திரி போடும் கூடத்தில் ஒரு ஆச்சி இருந்தார். சிரட்டைக் கரி போட்ட பெட்டியை இரண்டு கையாலும் நகர்த்திக்கொண்டே, "எந்த ஊரு தாயி?" என்றார். எட்டயபுரம் பக்கம் என்றேன். "பாரதியாரு ஊரா?" என்றார். ஆமாம் என்று சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் தமிழ்நாட்டுக்கு வந்ததே இரண்டு மூன்று தடவைதானாம், அதுவும் பழனிக்கு. அவர் பேசும் தமிழில் "வந்நு", "போயி" எல்லாம் கலந்திருக்கிறது. "என்னா" என்பதும் "தாயி" என்பதும் மட்டும் அப்படியே நம் பாட்டிமார் சொல்வது போலவே.

கொடிகளைப் பார்த்தேன். எங்கும் கிளிப் இல்லை. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகினால் போதும், எந்தக் காற்றுக்கும் விழாது. ஆச்சி ஒரு தலையணை உறையை எடுத்து எனக்குச் செய்து காட்டினார். கட்டைவிரலால் கயிற்றைச் சற்றுப் பிரித்து, முனையை உள்ளே தள்ளி, விரலை எடுத்தார். கயிறு தானே கவ்விக்கொண்டது. நானும் செய்து பார்த்தேன், இரண்டாவது முறை வந்தது. கர்க்கடகத்தில் வெளியே காய்வதே இல்லை என்றார். மூன்று நாள்கூட ஆகுமாம். அதற்குள் வாடை அடித்துவிட்டால் முதலிலிருந்து துவைக்க வேண்டும், அதற்குக் கூலி கிடையாது. ஊரில் புழுதி என்று அம்மா வருத்தப்பட்டது ஞாபகம் வந்தது. சொன்னேன். "காத்து அடிக்குதா அங்க? கொஞ்சம் இங்கிட்டு அனுப்பச் சொல்லு" என்றார் ஆச்சி.

அடுத்த மாதம் என் போர்வையைக் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 23, புதன்

எழுத அதிகம் இல்லை. எம்.ஜி. ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வேலையாகப் போனவள் மாட்டிக்கொண்டேன், செருப்பு ஒன்று போய்விட்டது. ஒரு கடைக்கார சேட்டன் உள்ளே உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பதிமுகம் போட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்புத் தண்ணீர், சூடாக. இந்த ஊரில் பச்சைத் தண்ணீர் யாரும் தருவதில்லை. நனைந்து நடுங்கும்போது அந்த ஒரு டம்ளர் எப்படி இறங்கியது என்று சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி கீழே எல்லோரும் டிவி முன்னால். திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழை வரை மழையில் நனைந்தபடி நிற்கும் ஜனம். அம்மூம்மா இராமாயணத்தை மெதுவாக, தனக்கு மட்டும் கேட்கும்படி வாசித்தார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. இங்கே கர்க்கடக வாவு, விடுமுறை. சேச்சியும் கணவரும் கணவருடைய அப்பாவுக்குப் பலி, அதாவது நம் தர்ப்பணம், கொடுக்க நேற்று ராத்திரியே ஆலுவாவுக்கு, பெரியாற்றங்கரைக்குக் கிளம்பிவிட்டார்கள். அம்மூம்மாவுக்கு நான் துணை.

காலையில் இருவரும் வெந்தயமும் ஞவர அரிசியும் போட்டுக் கஞ்சி வைத்தோம். கர்க்கடகத்தில் உடம்புக்கு அதுதான் மருந்து. மத்தியானம் வெயில் பளிச்சென்று அடித்தது. துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். அம்மூம்மா கீழிருந்து, "கள்ளக் கர்க்கடகமாணு, மோளே" என்றார். வெயிலைக் காட்டிவிட்டுக் கொட்டுமாம். பாதித் துணி போடுவதற்குள் கொட்டியது.

வெளியே போக முடியாமல் கீழ்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் உயரம் வரை பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. விரலால் தடவினால் செங்கல் மாவாய்க் கொட்டுகிறது. குளிர்காலத்தில் கடல் ஏறும்போது உப்புநீர் அடுப்படி வரைக்கும் வரும், வருடா வருடம் கூடுகிறது என்றார் அம்மூம்மா. 'ஓரு' என்றார். நம் உவர். புதிதாகப் பூசினாலும் இரண்டு வருடம்தான். "பிறகு ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?" என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் சுவரின் உதிர்ந்த மண்ணைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளிவிட்டு, அடுத்த பங்குனியில் எங்கே எவ்வளவு பூச வேண்டும் என்று கையால் அளந்து காட்டத் தொடங்கினார். கேட்கவில்லை.

சாயங்காலம் சேச்சியும் கணவரும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. குளித்துவிட்டு அப்படியே படுத்துவிட்டார்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள். அப்பா திருச்செந்தூர் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தாராம். கடலில் கூட்டம் தாங்கவில்லையாம். பேசிக்கொண்டே கீழே இறங்கினேன். முற்றத்துக் குழாயில் முதலில் காற்று உறுமியது. அப்புறம் இரண்டு சொட்டு. அப்புறம் கனமாக, நூல் பிடித்த மாதிரி. நேற்றும் முந்தாநாளும் வரவில்லை. சேச்சி எழுந்திருக்கவில்லை, பக்கத்து வீட்டில் விளக்கு இல்லை. வேலிக்குப் பக்கத்தில் போய், என்னால் முடிந்த மட்டும் சத்தமாகக் கூப்பிட்டேன்.

"வெள்ளம் வந்நு! சேச்சீ, வெள்ளம் வந்நு!"

போனில் அம்மா பதறிவிட்டாள். "ஏட்டி, வெள்ளமா? எங்கட்டி? எவ்வளவு தண்ணி?"

"கொழாய்லம்மா. குடிதண்ணி. ஒண்ணுமில்ல, நான் அப்புறம் கூப்பிடுறேன், குடம் நெறஞ்சு வழியுது."